பாவனையைக் களையும் பயிற்சி: குத்துச்சண்டைக் கூடத்தில் ஒரு தொடக்கம்

தன் இயல்புக்கு உண்மையாக வாழ விரும்புகிறவர், தான் எங்கே பாவனை செய்கிறார் என்பதை முதலில் கண்டறிய வேண்டும். குத்துச்சண்டைக் கூடம் அதை விரைவாகக் காட்டிக்கொடுக்கும். உணவகப் பணியாளர் ஒருவர் தன் வேலையை மிகையாக நடித்து, தான் அந்த வேலையே என்று தன்னை நம்பவைத்துக்கொள்வதை பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943ஆம் ஆண்டில் விவரித்தார். முகமது அலியைப் போலக் கைகளைத் தொங்கவிட்டு ஆடும் புதியவரிடமும் இதே ஏமாற்றுதான் இருக்கிறது. அலியிடம் அதற்குரிய வேகமும் நேரக்கணிப்பும் இருந்தன. அவை இல்லாதவரின் மூக்கில் எதிராளியின் முதல் ஜாப் (முன்னால் நிற்கும் கையால் வீசும் நேர்க்குத்து) வந்து விழும்.

ஆகவே உங்கள் உயரத்தையும் கை நீளத்தையும் பார்த்துப் பயிற்சியாளர் அமைத்துத்தரும் நிலையிலேயே தொடங்குங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கால் முன்னும் வலக்கால் பின்னும் இருக்கும்; முகவாய் தாழ்ந்து, கைகள் கன்னத்தருகே நிற்கும். கண்ணாடி முன் 3 நிமிடங்கள் வீதம் 3 ரவுண்டுகள், இடையே 1 நிமிட ஓய்வோடு, காற்றில் குத்திப் பழகுங்கள். அப்போது உங்கள் அழகைப் பார்க்க வேண்டாம் (எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள்). ஜாப் வீசிய கை கன்னத்துக்குத் திரும்புகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

பயிற்சியாளர் ஒப்புக்கொண்ட பிறகே, பல்காப்பும் தலைக்கவசமும் அணிந்து, மெதுவான ஸ்பாரிங்கில் (எதிராளியோடு செய்யும் பயிற்சிச் சண்டையில்) இறங்குங்கள். முடிந்ததும், வியர்வை காய்வதற்குள், அடி விழுந்த கணத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: கண்ணை மூடினீர்களா, மூச்சை அடக்கினீர்களா, கண்மண் தெரியாமல் கை வீசினீர்களா? பயந்திருந்தால் பயந்தேன் என்றே எழுதுங்கள். உத்தியாகப் பின்வாங்கினேன் என்று எழுதினால், அந்தச் சொல்லுக்குள்தான் பாவனை ஒளிந்திருக்கிறது. பிறகு அதே அசைவை அந்த வாரத்து அலுவலக வாழ்வில் தேடுங்கள்: தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன இடம், மறுக்க வேண்டியதற்குத் தலையாட்டிய இடம். இந்தப் பயிற்சியில் மிகவும் கூச்சமளிக்கும் பகுதி இதுவே என்பதால் பலர் இங்கேயே குறிப்பேட்டை மூடிவிடுகிறார்கள்.

அடித்தவர்மீது வன்மம் எழுந்தால், ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தனக்காக எழுதிவைத்ததை நினைத்துக்கொள்ளலாம்: பயிற்சிக் களத்தில் ஒருவரின் நகம் கீறினாலும் தலை மோதினாலும் நாம் அவரைப் பகைவராகக் கருதுவதில்லை, எச்சரிக்கையோடு விலகிக்கொள்கிறோம், பிற இடங்களிலும் அவ்வாறே இருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அலியைப் பின்பற்ற விரும்பினால் 1967ஆம் ஆண்டைப் பாருங்கள். படையில் சேர மறுத்ததற்காகப் பட்டத்தை இழந்து, 1970 அக்டோபர் வரை அவர் ரிங்குக்கு வெளியே இருந்தார். ஒரு மறுப்பைச் சொல்லும் முன் அதற்கு நீங்கள் தரவேண்டிய விலையையும் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.

தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்குமே தவிர மூளை அதிர்வைத் தடுக்காது. தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் வீரம் காட்டாமல் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.