டூயல் பூட்டில் ஒரே மெயில் கிடங்கு: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு எப்படியும் இந்த ஆசை வந்துவிடும். எந்தப் பக்கம் பூட் செய்தாலும் பழைய மெயில் எல்லாம் கையில் இருக்க வேண்டும். தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமின் கோப்புகளை, இரண்டு பக்கமும் படிக்கக்கூடிய பொதுவான ஒரு பார்ட்டிஷனில் (டிஸ்கில் பிரித்து வைத்த ஒரு பகுதியில்) போட்டால் முடியும், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வரிசையாக அதே இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டை மறப்பது, ஃபோல்டரை மாற்றி அழிப்பது போன்றவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

## ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் அணைந்துவிட்டது என்று நம்புவது

இதுதான் பெரிய தவறு. இத்தனை வருடம் கழித்தும் யாராவது இதைச் செய்துவிட்டு வந்து நின்றால் எனக்கு எரிச்சல் வருகிறது.

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்த புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதியும்) டிரைவர்களும் அப்படியே ஹைபர்நேட் ஆகி, அதாவது இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதப்பட்டுத் தூங்கும். அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தும்போது அந்தத் தூக்கத்திலிருந்துதான் எழுகிறது. நம் பொதுப் பார்ட்டிஷனான டி டிரைவில் எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கும் அந்தத் தூக்கத்துக்குள்ளேயே போய்விடுகிறது. காலையில் லினக்ஸுக்குள் போனால், விண்டோஸ் பார்ட்டிஷன்களைத் திறக்க லினக்ஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர் அந்தப் பார்ட்டிஷனைப் பார்த்து, கணக்கு இன்னும் விண்டோஸ் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, படிக்க மட்டும் அனுமதி கொடுத்து மவுண்ட் செய்யும். அது நம்மைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

அப்புறம் நடப்பதுதான் வயிற்றெரிச்சல். தண்டர்பேர்டால் எழுத முடியாது, புது மெயில் இறங்காது, நம் ஆள் அவசரமாகத் தேடுகிறார், என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒரு கட்டளை கிடைக்கிறது, ஓட்டுகிறார், தடை நீங்கி எழுத முடிகிறது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து நாள் முழுக்க மெயில் பார்க்கிறார். மாலையில் விண்டோஸ் எழுந்து, தன்னிடம் இருக்கும் நேற்றைய கணக்கை நம்பி, இன்று காலை லினக்ஸ் எழுதிய இடத்தின் மேலேயே எழுதுகிறது.

தண்டர்பேர்ட் வழக்கமாக எம்பாக்ஸ் முறையில்தான் சேமிக்கும். அதாவது இன்பாக்ஸ் முழுவதும் ஒரே நீளமான கோப்பு. அதன் நடுவில் கொஞ்சம் போனால்கூட எந்த மெயில் போனது என்று சொல்வது கஷ்டம். எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பிக்கு இப்படி ஆகி, அவருடைய இன்பாக்ஸை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தேன். அனுப்பியவர் பெயர், தேதி, தலைப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தது, கடிதம் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தின் பாதியில் நின்றது, அடுத்த எழுத்திலிருந்து ஏதோ ஒரு போட்டோவின் உள்ளடக்கம் பக்கம் பக்கமாக ஓடியது. டிஸ்க் சரிபார்ப்பு ஓடி முடிந்து மிச்சம் வைத்திருந்த துண்டுக் கோப்புகளில் சில மெயில்களைத் தேடி எடுத்தோம். அவருடைய அப்பா எழுதியவற்றில் பல கிடைக்கவே இல்லை.

இதை ஏன் யாரும் சந்தேகப்படுவதில்லை என்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்யாது, விண்டோஸ் முழுசாகவே அணையும். பகலில் ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்குப் போகும்போதெல்லாம் சரியாக இருக்கும், இரவு ஷட் டவுன் செய்து காலையில் லினக்ஸுக்குப் போனால் மட்டும் சிக்கும். அதனால் டிஸ்க் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் அமைப்புகளில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு திரும்பவும் ஒருமுறை பாருங்கள். லினக்ஸையும் ஹைபர்நேட் செய்துவிட்டு விண்டோஸுக்குப் போகாதீர்கள், அதே ஆபத்துதான். 'படிக்க மட்டும்' என்று வந்தால் விண்டோஸுக்குத் திரும்பிப் போய் ஒழுங்காக அணைத்துவிட்டு வாருங்கள், வேறு எந்தக் கட்டளையும் வேண்டாம்.

## புரொஃபைல் முழுவதையும் பகிர்வது

புரொஃபைல் என்றால் தண்டர்பேர்ட் தன் அமைப்புகளையும் மெயிலையும் சேர்த்து வைக்கும் ஃபோல்டர். விண்டோஸ் பக்கம் தண்டர்பேர்ட் தானாக அப்டேட் ஆகும். லினக்ஸ் பக்கம் அது டிஸ்ட்ரோவின் (நாம் போட்டிருக்கும் லினக்ஸ் தொகுப்பின்) வேகத்தில்தான் வரும். புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கவா என்று கேட்கும். பயந்துபோய் அதை அழுத்தினால் வெறும் பெட்டி தெரியும். மெயில் எங்கும் போகவில்லை, பழைய புரொஃபைலிலேயே இருக்கிறது, பதறி எதையும் அழித்துவிடாதீர்கள்.

என் யோசனை: இரண்டு பக்கமும் தனித்தனி புரொஃபைல் வைத்து, அக்கவுண்ட்டை ஐமேப்பில் போட்டுவிடுங்கள். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கிறது, பகிர வேண்டிய அவசியமே இல்லை. கம்ப்யூட்டரிலேயே மெயிலைச் சேமிக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸின் அமைப்பில் 'லோக்கல் டைரக்டரி' என்று இருக்கும், அதை மட்டும் இரு பக்கமும் பொது பார்ட்டிஷனுக்குத் திருப்பினால் போதும். பழைய மெயில் கிடங்கு அங்கே இருக்கட்டும்.

## இரண்டு பக்கமும் பாப்

பாப் என்பது மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை. தனித்தனி புரொஃபைலில் பாப் போட்டு, சர்வரில் நகல் வைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால், பாதி மெயில் அங்கே, பாதி இங்கே.

## ஃபேட்32

பொதுப் பார்ட்டிஷனை இந்தப் பழைய முறையில் ஃபார்மேட் செய்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வேண்டாம்.

## ஆன்டிவைரஸ்

ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால் அந்த மெயிலை மட்டும் அது எடுக்காது, இன்பாக்ஸ் கோப்பையே தூக்கிக்கொண்டு போய் அடைத்துவிடலாம். மெயில் ஃபோல்டருக்கு ஸ்கேனிலிருந்து விலக்கு கொடுங்கள், அட்டாச்மென்ட்டை டிஸ்கில் சேமிக்கும்போது ஸ்கேன் ஆகட்டும்.

## கடிகாரம்

லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்தியாவிலும் இலங்கையிலும் லினக்ஸிலிருந்து வந்தவுடன் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுவது இதனால்தான். அந்த நிலையில் அனுப்பும் மெயிலில் தேதியும் தப்பாகவே பதியும், வாங்குபவரின் பட்டியலில் அது காலை மெயில்களுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் யுடிசி என்று சொல்லி வைக்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள், இரண்டையும் செய்தால் திரும்பவும் குழம்பும்.