தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வருகிற நாளில் விடியும் முன்பே தெரு விழித்துக்கொள்ளும். முதல் வேலை, முந்தாநாள் குடத்திலும் அண்டாவிலும் பிடித்து வைத்ததைச் சாக்கடையில் கொட்டுவது. அதற்குப் பெயர் “பழைய தண்ணீர்”. அந்தப் பழைய தண்ணீர், சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்யப்பட்டு இந்த மேட்டு ஊருக்கு வந்தது. காவிரிக்காக இரண்டு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நாங்கள் அதை வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்த தண்ணீர் இரண்டு நாளில் கெட்டுவிடாது. குடிக்க மனம் வரவில்லை என்றால் துணி அலசலாம், வாசல் தெளிக்கலாம், செடிக்கு ஊற்றலாம். திறந்து வைப்பதுதான் தவறு. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மூடி போட்டு, வாரம் ஒருமுறை பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

இனி என் தவறு. 2024 மார்ச்சில் ஊரே வறண்டு கிடந்தபோது, குடிநீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்கு விட்டாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த வேகத்தில் நானும் யாரோ சொன்ன யோசனைப்படி கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு செங்கல்லை வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டராவது மிச்சம் என்று கணக்கு. நான்கைந்து மாதத்தில் செங்கல் கரைந்து, செம்மண் குழம்பு வால்வின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ரப்பர் வாஷர் சரியாக மூடவில்லை. சத்தமே இல்லாமல் இரவு பகலாகத் தண்ணீர் வழிந்தது. மோட்டாரைத் தினம் இரண்டு முறை போட வேண்டியிருந்தபோதும், வீட்டில் யாரோ அதிகம் குளிக்கிறார்கள் என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

கண்டுபிடித்தது கேசரிப் பவுடரால். ஃப்ளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் கசிகிறது என்று பொருள். எங்கள் வீட்டில் ஐந்தே நிமிடத்தில் ஆரஞ்சு நிறம் இறங்கிவிட்டது. பழைய பெரிய தொட்டியாக இருந்து, இடத்தை அடைக்கத்தான் வேண்டும் என்றால், தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை வால்வில் இடிக்காதபடி வையுங்கள். மூன்று, ஆறு லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள புதிய தொட்டியில் எதையும் வைக்க வேண்டாம். இரண்டாவது முறை அழுத்த நேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

“மீட்டரைப் பார்த்தால் கசிவு தெரியுமே” என்பார்கள். இந்த ஊரில் அதை நம்ப முடியாது. பெரும்பாலான வீடுகளில் காவிரி மீட்டர், தரைக்குள் தண்ணீர் சேரும் தொட்டியான சம்ப்புக்கு முன்னால் இருக்கிறது. சம்ப்பில் விரிசலா, மாடித் தொட்டிக்குப் பிறகு ஒழுகலா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரவு படுக்கும்முன், தண்ணீர் வராத நாளாகப் பார்த்து, சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் குழாயைத் தொடுவதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். வேறு கருவி வேண்டாம். சொட்டும் குழாய்க்கு ஒரு டம்ளர் போதும்: 200 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிரம்பினால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர் போகிறது.

குழாய் முனையில் மாட்டி, காற்றைக் கலந்து தண்ணீர் வரும் வேகத்தைக் குறைக்கும் ஏரேட்டர் நல்ல பொருள். ஆனால் வாளி நிரப்பும் குழாயில் அதை மாட்டுவதில் பயனில்லை. வாளிக்கு இருபது லிட்டர் என்றால் இருபதுதான். நிரம்ப நேரம் ஆகும், அவ்வளவே. சமையலறைத் தொட்டிக்கும் கை கழுவும் இடத்துக்கும் மாட்டுங்கள்.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைப் பிடித்து அப்படியே துளசிக்கு ஊற்றும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. போர்வெல் தண்ணீராக இருந்தால் உப்பு இன்னும் அதிகம். இலை ஓரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் காரணம் அதுதான். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது போதும். காவிரித் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டுக்கு ஆர்.ஓ. எதற்கு என்பதே எனக்குப் புரியாத விஷயம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளந்து பார்த்து அதற்குக் கீழே இருந்தால், காய்ச்சிக் குடித்தாலே போதும்.

தோட்டத்துக்கு வருவோம். கீழ்வீட்டு அக்கா மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கிறார். சிக்கனமாக இருப்பதாக நினைத்து, தினமும் ஒவ்வொரு தொட்டிக்கும் அரைக் குவளை தெளிப்பார். கறிவேப்பிலை வளரவே இல்லை. “என்ன தம்பி, மண் ஈரமாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டார். தொட்டியைக் கவிழ்த்தோம். மேலே இரண்டு விரல் ஆழம் மட்டும் கறுப்பாக ஈரம். அதற்குக் கீழே கையில் உதிரும் தூள். வேர்களெல்லாம் மேல்நோக்கி வந்து அந்த இரண்டு விரலுக்குள் பின்னிக்கொண்டிருந்தன. அவர் ஊற்றியதில் பெரும்பகுதி வெயிலுக்குத்தான் போயிருக்கிறது.

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் எட்டிப் பார்க்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள், காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ. தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை வாங்காது. ஓரத்து இடைவெளி வழியாக எல்லாம் நேரே கீழே ஓடிவிடும், நாம் நிறைய ஊற்றிவிட்டதாக நினைப்போம். அந்தத் தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். ஈரம் காயாமல் மண்ணை மூடக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் தூங்குமூஞ்சி மரங்கள் தெருவெல்லாம் சருகைக் கொட்டுகின்றன. அதைக் கூட்டி எரிப்பவர்களிடம் ஒரு சாக்கு கேட்டால் தந்துவிடுவார்கள்.

துணி இயந்திரத்தின் கடைசி அலசல் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் ஆகும். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கு வேண்டாம். டிரம்மில் சேர்த்து வைத்தால் மறுநாளே நாறும், அன்றன்றே செலவழித்துவிடுங்கள்.

கடைசியாக மழை. இங்கே 2009 முதலே மழைநீர் சேகரிப்புக்குச் சட்டம் இருக்கிறது. எங்கள் ஓனர் வீட்டிலும் குழாய், வடிகட்டி எல்லாம் உண்டு. 30க்கு 40 மனை என்றால் 1,200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். மனை முழுக்க மாடி என்று வைத்துக்கொண்டால், பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் விழும். சிந்தியது போக 800, 900 லிட்டர் தேறும். ஓனர் ஐயாவிடம் இதைச் சொன்னபோது, “வடிகட்டியைத் திறந்து ஆறு வருஷம் இருக்குமே” என்றார். திறந்தோம். புறா இறகு, ஒரு ரப்பர் பந்து, களிமண்ணாகிப்போன மணல்.

இதைவிடப் பெரிய தவறு, மாடித் தண்ணீரை வற்றிப்போன போர்வெல்லுக்குள் நேராக இறக்குவது. மாடி அழுக்கு அப்படியே நிலத்தடிக்குப் போகும், பிறகு யாராலும் அதை எடுக்க முடியாது. பக்கத்தில் ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வெட்டி, அதன் வழியாகத்தான் விட வேண்டும். அதேபோல மழையின் முதல் சில நிமிடத் தண்ணீர் மாடியைக் கழுவிக்கொண்டு வருவது. அது சம்ப்புக்குள் போகக் கூடாது.

மணலை மாற்றிவிட்டோம். முதல் மழையைத் தானாகத் திருப்பிவிடும் அமைப்பை மட்டும் ஐயா இன்னும் வாங்கவில்லை. அதனால் மே மாதச் சாயங்காலங்களில் வானம் இருட்டியதும் யாராவது மாடிக்கு ஓடி, குழாயின் மூடியைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் நனைந்தபடி நின்று மூட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் நான்தான்.