சரக்கு தீருமுன் நினைவூட்டும் அட்டை
அலமாரியில் உள்ள ஒவ்வொரு சரக்கிலும் கடைசிப் பொட்டலங்கள் சிலவற்றை ரப்பர் வளையத்தால் தனியே கட்டி, பொருளின் பெயரும் வாங்க வேண்டிய அளவும் எழுதிய அட்டை ஒன்றை அதில் செருகிவிடுங்கள். கட்டைப் பிரிப்பவர் முதலாளியானாலும் பகுதிநேர ஊழியரானாலும், அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டால், அன்று மாலையே ஆர்டர் கொடுத்துவிடலாம்.

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகள் விற்ற அளவுக்கே அலமாரியை நிரப்புவதிலிருந்து கருத்தெடுத்து, ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையின் எளிய வடிவம் இது. கடையில் தொடங்கிய கருத்து என்பதால், பினாங்கு லெபோ பாசார் மளிகைக் கடைக்கும் அச்சகத்துக்கும் கிளினிக்குக்கும் இது இயல்பாகவே பொருந்துகிறது. யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. பயந்து அதிகம் வாங்கிப் பணத்தை முடக்கவும் வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 4 பொட்டலம் சீரகம் விற்று, புதுச் சரக்கு வர 3 நாள் ஆகுமானால் தேவை 12. தாமதத்துக்கு ஒரு நாள் சேர்த்து 16 பொட்டலங்களைக் கட்டி வையுங்கள். புதிதாக வந்ததைக் கட்டுக்குள் வைத்து, பழையதை முன்னால் நகர்த்துவது அவசியம். மருந்துகளுக்கு இது மிக முக்கியம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், தைப்பூசத் தேங்காய் விற்பனையிலும் இந்தக் கணக்கு செல்லாது. வாழையிலை, மல்லிகைச் சரம் போன்று அன்றன்றே வாடுபவற்றுக்கும், கப்பலில் வந்து சேரும் நாள் நிச்சயமில்லாத சரக்குக்கும் அட்டையை நம்பாமல் நேரில் பார்த்தே ஆர்டர் கொடுக்க வேண்டும்.