அம்மா பேசட்டும்: ஸ்பானிஷ்–இங்கிலீஷ் குடும்ப தெரபிஸ்ட் வேலையைத் தொடங்குவது எப்படி

கலிஃபோர்னியாவில் தெரபிஸ்ட் படிப்பு முடிக்கப்போகும் ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள்: "ஸ்பானிஷ் ஓரளவு வரும், இருமொழி வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?" தாராளமாக. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அந்த மொழியில் உட்கார்ந்து மனக்கஷ்டம் கேட்க ஆள்தான் போதவில்லை. ஆனால் அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று முதலில் பார்த்துவிட வேண்டும். நான் வேலை செய்யும் கலிஃபோர்னியாவை வைத்தே எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும்.

படி 1: லைசென்ஸ்

இது நீளம், ஆனால் சிக்கலில்லை. திருமண-குடும்ப தெரபிஸ்ட் ஆக முதுகலைப் பட்டம், அசோசியேட் (முழு லைசென்ஸுக்கு முந்தைய பயிற்சி நிலை) பதிவு, சூப்பர்வைசரின் கண்காணிப்பில் 3,000 மணி நேர வேலை, அதுவும் குறைந்தது 104 வாரங்களில். அதில் 500 மணி நேரமாவது தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு இருக்க வேண்டும். சட்டம்-நெறிமுறைத் தேர்வு ஒன்று, கிளினிக்கல் தேர்வு ஒன்று. மொழிக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. வேலை தரும் இடம் ஒரு பேச்சுச் சோதனை வைக்கலாம். இருமொழிக்காரர்களுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துத் தரும் இடங்களும் உண்டு. நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: உங்கள் ஸ்பானிஷை அளந்து பாருங்கள்

கடையில் சாப்பாடு சொல்லும் ஸ்பானிஷ் இங்கே உதவாது. தாளைப் பார்க்காமல் மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்பது; தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்ற நேரடிக் கேள்வி; திடீர் பதற்றம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது. எங்கே திக்குகிறதோ அங்கேதான் பயிற்சி வேண்டும்.

அப்புறம், ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள். 'மொலெஸ்தார்' என்றால் ஸ்பானிஷில் தொந்தரவு பண்ணுவது, அவ்வளவுதான். ஒரு சிறுமி "மி தீயோ மெ மொலெஸ்தா" ('மாமா என்னைத் தொந்தரவு பண்ணுகிறார்') என்று சொன்னால் இங்கிலீஷ் காதுக்கு அது 'மொலெஸ்ட்' என்று, பாலியல் அத்துமீறலாக விழும். அவள் சொல்ல வந்தது மாமா சடையைப் பிடித்து இழுக்கிறார் என்பதாக இருக்கலாம். நிஜமாகவே அத்துமீறலாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். "கே தெ ஆஸே?", அதாவது 'உன்னை என்ன செய்வார்?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். நியாயமான சந்தேகம் வந்தால் கலிஃபோர்னியாவில் உடனே ஃபோனில் புகார், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை. (தீயோ என்பது அம்மாவின் தம்பியா, அப்பாவின் அண்ணனா என்பதையும் கேட்டு எழுதுங்கள். நம் பக்கம் அந்தக் கேள்வியே எழாது, சொல்லிலேயே தெரிந்துவிடும்.)

'கொராஹே' சில நாடுகளில் துணிச்சல், மெக்சிகோக்காரர் வாயில் பெரும்பாலும் கோபம். 'பேனா' ஒரு ஊரில் துக்கம், இன்னோர் ஊரில் கூச்சம். 1980-ல் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பம் 'இந்தோக்ஸிகாதோ' என்றது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் சொல்ல வந்தார்கள். மருத்துவமனை அதை இங்கிலீஷ் 'இன்டாக்ஸிகேட்டட்' ஆக எடுத்து, போதைப்பொருள் என்று புரிந்துகொண்டது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. பையனுக்குக் கைகால்கள் செயலிழந்து போயின. வழக்கு சுமார் 7.1 கோடி டாலரில் முடிந்தது.

இன்னொன்று: குவாத்தமாலாவிலிருந்து வந்த எல்லோருக்கும் ஸ்பானிஷ் தாய்மொழி இல்லை. மாம், கிச்சே போன்ற மாயா மொழிகளில் வளர்ந்தவர்களுக்கு அது இரண்டாம் மொழி. "வீட்டில் எதில் பேசுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 3: முதல் ஃபோன்

பெரியவர்களிடம் 'உஸ்தெத்', அதாவது நம் 'நீங்கள்'. அவர்களே 'தூ'வுக்கு வரச்சொன்னால் மட்டும் மாறுங்கள். குழந்தையிடம் பொதுவாகத் 'தூ' போதும். சில கொலம்பியக் குடும்பங்களில் பெற்ற பிள்ளையையே உஸ்தெத் போட்டுக் கூப்பிடுவார்கள். அதைப் பாசமில்லை என்று குறித்துவைக்காதீர்கள். பாட்டி வரலாமா என்று கேட்டால் வரட்டும். குடியேற்ற நிலையைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம்.

படி 4: முதல் சந்திப்பு, நாற்காலிகள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான்.

பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று 11 வயதுப் பையனை அழைத்து வந்தார் ஓர் அம்மா. நான் ஸ்பானிஷில்தான் வணக்கம் சொன்னேன். ஆனாலும் பையன் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, நான் கேட்டதை அம்மாவிடம் ஒரு தடவை திருப்பிச் சொன்னான், ஸ்பானிஷிலிருந்து ஸ்பானிஷுக்கு! பழக்கம் அப்படி. வங்கி, மருத்துவர், வாடகை வீட்டு ஓனர், பள்ளி எல்லாவற்றுக்கும் அவன்தான் வாய். பள்ளியிலிருந்து வந்த கடிதங்களையும் அவன்தானே படித்துச் சொல்வான்? அதனால் எத்தனை நாள் வரவில்லை என்பது மட்டும் அம்மாவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

குடும்பத்தில் பெரியவர் மேலே, பிள்ளைகள் கீழே என்ற அடுக்கு கலைந்தால் என்ன ஆகும் என்று காட்டியவர் அர்ஜென்டினாவில் பிறந்த குடும்ப தெரபிஸ்ட் சால்வடோர் மினுச்சின். மொழிபெயர்க்கும் பிள்ளை அந்த அடுக்கைத் தெரியாமலே புரட்டிப்போடுகிறது. வெளிநாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதே கதை வரும். அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனைகள், அவசரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்புக்கு வைக்கக் கூடாது என்று அமெரிக்க விதியே இருக்கிறது.

செய்ய வேண்டியது சின்னது. நாற்காலியை மாற்றுங்கள்: அம்மா உங்களுக்கு எதிரே, பையன் பக்கவாட்டில். பிறகு அவனிடம் "ஓய் நோ தெ தோகா" என்று சொல்லுங்கள். 'இன்று உன் முறை இல்லை.' அன்று அவன் ஒரு நிமிடம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். அப்புறம் மூலையில் இருந்த பொம்மைக் காரை எடுத்துக்கொண்டான். அவன் அம்மா என்னைப் பார்த்து நேராகப் பேச ஆரம்பித்தார்.

படி 5: இரண்டு மொழிகளுக்கு நடுவில்

அவரவர் விரும்பும் மொழியில் பேசட்டும். நீங்கள் அதன் சாரத்தை மற்ற மொழியில் சொல்லி எல்லோரையும் பேச்சுக்குள் வைத்திருங்கள். ஆனால் வயதுப் பெண் திடீரென்று இங்கிலீஷுக்கு மாறினால் அது ஒரு திரைச்சீலை. ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு பெண் சொன்னதை அதே வேகத்தில் அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொல்லிவிட்டேன். அடுத்த மூன்று சந்திப்புகளில் அவள் வாயே திறக்கவில்லை. இப்போது கேட்டுவிடுகிறேன்: "நான் சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா, இல்லை இப்போதைக்கு வேண்டாமா?"

படி 6: குறிப்பு எழுதுவது

கோப்பு இங்கிலீஷில் இருக்கும். முக்கியமான வாக்கியத்தை மட்டும் ஸ்பானிஷிலேயே மேற்கோளில் வையுங்கள். 'நெர்வியோஸ்' (நேர்ப்பொருள் 'நரம்புகள்') என்றதைப் பதற்றநோய் என்று நேராக மொழிபெயர்க்காதீர்கள். தூக்கமின்மையும் தலைவலியும் கணவன் மேல் வருத்தமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும். அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 'அத்தாக்கே தெ நெர்வியோஸ்' (திடீரென்று அழுது, கத்தி, நடுங்குவது), 'சுஸ்தோ' (பயந்துபோனதால் வந்ததாகச் சொல்லும் நோய்) இரண்டையும் தனியாகவே விளக்குகிறது. மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளுக்கு ஸ்பானிஷ் வடிவம் இருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

படி 7: அலுவலகத்தில் உஷார்

"ஒரு நிமிஷம் வாங்களேன், ஸ்பானிஷ் ஃபோன்" என்று நாளுக்கு ஐந்து தடவை கூப்பிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேலை வேறு, அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். ஸ்பானிஷ் தெரிந்த சூப்பர்வைசர் கிடைப்பாரா என்று முதல் வாரமே கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சந்திப்பையும் இங்கிலீஷில் திரும்பச் சொல்லி முடிப்பதற்குள் சூப்பர்வைசரோடு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒரு சின்ன அட்டையும் அடித்துவையுங்கள். நாடு முழுவதற்குமான நெருக்கடி உதவி எண் 988, ஸ்பானிஷுக்கு 2-ஐ அழுத்த வேண்டும். முதல் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது அதைப் பையனிடம் கொடுக்காமல் அம்மா கையில் கொடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.