ஸ்பிதி மடாலயங்களில் தங்கி வர: முதல்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

இமாசலப் பிரதேசத்தின் வடகிழக்குக் கோடியில், திபெத்திய எல்லையை ஒட்டியுள்ள ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட பௌத்த மடாலயங்கள் இன்றும் வழிபாடு குறையாமல் இயங்குகின்றன. வண்டியை நிறுத்தி அவற்றைப் பார்த்துவிட்டு வருவது ஒன்று. சில நாள் அங்கே தங்கி, பிக்குகளின் அன்றாட வாழ்வை அருகிருந்து அறிந்து வருவது வேறொன்று. இந்த விளக்கம் இரண்டாவதை விரும்புவோருக்காக எழுதப்படுகிறது. பட்டியல் போட்டுக்கொண்டு எல்லா மடங்களையும் சுற்றுவதைவிட, தாபோ, கீ ஆகிய இரண்டு மடாலயங்களில் மட்டும் பொறுமையாகத் தங்குவதே முதல் பயணத்துக்குப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

படி 1: வழியைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்பிதியின் தலைமையிடமான காஸாவுக்கு இரண்டு சாலைகள் செல்கின்றன. மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகச் செல்லும் சாலை சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் அது 4,500 மீட்டருக்கும் மேலான குன்சும் கணவாயை ஒரே நாளில் கடக்க வைக்கிறது. சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாகச் செல்லும் சாலை அதைப்போல் இருமடங்கு நீளம் என்றாலும், உயரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுகிறது. முதல்முறை செல்வோர் தயங்காமல் சிம்லா வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் வரையும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையும் செல்வதற்கு ஏற்ற காலம். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே மழை குறைவு. ஆனால் அங்கே போய்ச் சேரும் கின்னௌர் சாலையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மண்சரிவு அடிக்கடி ஏற்படுகிறது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே உறைந்துவிடும் என்பதால் புதியவர்கள் அக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

சென்னையிலிருந்து தில்லிக்கோ சண்டிகருக்கோ வந்து, அங்கிருந்து பேருந்திலோ, கால்கா வழியாக மலை ரயிலிலோ சிம்லாவை அடையலாம். சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோவுக்கும், அங்கிருந்து தாபோ வழியாகக் காஸாவுக்கும் அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன. காஸா செல்லும் பேருந்து அதிகாலையிலேயே புறப்பட்டுவிடும் என்பதால், நேரத்தை முந்தைய நாளே பேருந்து நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

படி 2: அனுமதி, பணம், மூட்டை

இந்தியக் குடிமக்களுக்கு இவ்வழியில் தனி அனுமதி தேவையில்லை. அடையாள அட்டை இருந்தால் போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டில் வருவோர் எல்லைப் பகுதிக்கான அனுமதியைச் சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ பெற்றுக்கொண்ட பிறகே மேலே செல்ல முடியும்.

காஸாவில் வங்கியும் ஏடிஎம்மும் உண்டு; ஆனால் மின்சாரமோ இணைப்போ போனால் அவை பயன்படா. ஆகவே பயணம் முழுமைக்கும் தேவையான பணத்தைச் சிம்லாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கனமான கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய மெல்லிய கம்பளி ஆடைகளே பயன் தரும்; வெயிலில் கழற்றவும் நிழலில் மாட்டவும் வேண்டியிருக்கும். தோள்களையும் முழங்கால்களையும் மறைக்கும் உடை, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி, கனமான காலுறை, வெயில் தடுப்புக் களிம்பு, கைவிளக்கு ஆகியவை கட்டாயம் வேண்டும்.

படி 3: உடலை உயரத்துக்குப் பழக்குதல்

இந்தப் படியில் மட்டும் அவசரம் காட்டவே கூடாது. 4,000 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். இதற்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாள்கள் ஆகும். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் பின்பற்றச் சொல்லும் பொது விதி.

சிம்லா வழி இந்த விதிக்கு இயல்பாகவே பொருந்தி வருகிறது. சிம்லா சுமார் 2,200 மீட்டர். ரெக்காங் பியோவுக்கு மேலே, கின்னர் கைலாச மலைத்தொடரை எதிரே பார்த்தபடி அமைந்துள்ள கல்பா சுமார் 2,960 மீட்டர். இங்கே இரண்டு இரவு தங்குங்கள். அடுத்த நாள் வழியில் 3,600 மீட்டரைத் தாண்டிய நாகோ கிராமத்துக்கு ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டு, மீண்டும் இறங்கிச் சுமார் 3,280 மீட்டரில் உள்ள தாபோவில் உறங்கலாம். பகலில் உயரே சென்று இரவில் கீழே உறங்குவது உடல் பழகுவதற்கு மிக உகந்த முறையாகும். தாபோவில் இரண்டு இரவு, பின்னர் சுமார் 3,700 மீட்டரில் உள்ள காஸாவில் இரண்டு இரவு, இறுதியாக 4,166 மீட்டரில் உள்ள கீ மடாலயம் என்று ஏறினால் எந்த இரவிலும் பெரிய தாவல் இருக்காது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கக் குறைவு ஆகியவை உடல் உயரத்துக்குப் பழகவில்லை என்பதன் முதல் அறிகுறிகள். இவை தோன்றினால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுக்க வேண்டும். குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறங்கிச் சிகிச்சை பெற வேண்டும். உயரத்தால் வரும் உடல்நலக் குறைவைத் தடுக்கத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்காமல், குறிப்பாகச் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், புறப்படுவதற்கு முன்பே மருத்துவரைக் கலந்து பேசுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் மலையில் கூடவே கூடாது.

படி 4: தாபோவில் கண்ணைப் பழக்குதல்

தாபோ மடாலயம் பொது ஆண்டு 996இல் நிறுவப்பட்டது. மேற்குத் திபெத்தின் குகே அரசரான யேஷே ஓ இதைக் கட்டுவித்தார். சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குப் பெயர்த்த ரின்சென் சாங்போவின் பெயரும் இம்மடத்தோடு இணைந்தே சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மண்மேடுகளைப் போலத்தான் தெரியும். கோபுரமோ பொன் வேய்ந்த கூரையோ எதிர்பார்த்து வருவோர் ஏமாந்து, அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுகின்றனர். அவசரப்படாமல் தலைமைக் கோயிலுக்குள் நுழையுங்கள்.

உள்ளே இருட்டு. கூரையின் சிறு திறப்பு வழியே வரும் வெளிச்சத்துக்குக் கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும். பழகியபின், சுவரின் நாற்புறமும் ஆள் உயரச் சுதை உருவங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். அவை தரையில் நிற்காமல் சுவரிலிருந்தே வெளிப்பட்டு, தாமரைமேல் அமர்ந்திருப்பவை. நடுவில் நான்கு திசையும் நோக்கும் வைரோசன புத்தர். உருவங்களுக்குக் கீழே ஓடும் ஓவிய வரிசையில், ஞானம் தேடித் தென்திசை நோக்கிப் பயணப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கண்ட சுதனன் என்னும் இளைஞனின் கதையும், புத்தரின் வாழ்க்கையும் தீட்டப்பட்டுள்ளன. கைவிளக்கைத் தரைப்பக்கமாகப் பிடித்து, எப்போதும் வலஞ்சுழியாக நடக்க வேண்டும். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. ஓவியங்களைத் தொடவும் கூடாது.

1975இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இம்மடம் சேதமுற்றது. பின்னர் புதிய மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. காலை வழிபாடு அந்தப் புதிய மண்டபத்தில்தான் நடைபெறுகிறது. மடத்தின் விருந்தினர் விடுதியிலேயே அறை எடுத்தால், விடியலில் எழுந்து நடந்தே வந்துவிடலாம்.

படி 5: கீ மடாலயத்தில் தங்குதல்

காஸாவிலிருந்து கீ மடாலயம் சில கிலோமீட்டர் தொலைவில், கூம்பு வடிவக் குன்றின்மேல் அடுக்கடுக்கான வெள்ளைக் கட்டடங்களாக நிற்கிறது. திபெத்திய பௌத்தத்தின் கெலுக் பிரிவைச் சேர்ந்த இது ஸ்பிதியிலேயே பெரியது. இங்கே விருந்தினருக்கு எளிய அறைகளும் மடத்துச் சமையலும் கிடைக்கின்றன. போய்ச் சேர்ந்ததும் பொறுப்பில் உள்ள பிக்குவைச் சந்தித்து, எத்தனை நாள் தங்க விருப்பம் என்பதைச் சொல்லி, கட்டணத்தையும் உணவு நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். “ஜூலே” என்று கைகூப்பி வணங்குவது இங்கு வழக்கம். தண்ணீர் அரிது என்பதால் குளியலை மறந்துவிடுங்கள். பல இடங்களில் கழிப்பறையும் தண்ணீரில்லாமல் மண் தூவி மூடும் உலர்வகையே.

இங்குள்ள இளம் பிக்குகள் பலர் உயர்கல்விக்காகக் கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்ட்கோடு ஆகிய ஊர்களில் உள்ள பெரிய திபெத்திய மடங்களுக்குச் செல்கின்றனர். ஆகவே தென்னாட்டிலிருந்து வருவதாகச் சொன்னாலே பேச்சு எளிதாகத் தொடங்கிவிடும். ஓய்வு நேரத்தில் சமையலறையில் காய் நறுக்கவோ பாத்திரம் கழுவவோ அனுமதி கேளுங்கள். மண்டபத்தில் அமர்ந்து அறிவதைவிட அங்கே அறிவது அதிகம்.

படி 6: வழிபாட்டில் அமரும் முறை

தொடங்குவதற்குச் சற்று முன்பே வந்து, காலணியை வெளியே விட்டு, தொப்பியைக் கழற்றி, சுவரோரமாக அமருங்கள். நடுவே நீளவாக்கில் போடப்பட்ட தாழ்வான இருக்கைகள் பிக்குகளுக்குரியவை. காலை நீட்டி, பாதம் புத்தர் உருவத்தை நோக்கும்படி உட்காரக்கூடாது. ஓதுவோரின் தலைவர் அடிக்குரலில் தொடங்க, மற்றவர் சேர்ந்துகொள்வர். இடையிடையே மேளமும் கைத்தாளமும் நீண்ட கொம்பும் ஒலிக்கும். அவர்கள் முன்னுள்ள நூல்கள் நீண்டு குறுகிய, தைக்கப்படாத தாள்களால் ஆனவை; இந்தியாவிலிருந்து சென்ற பனையோலைச் சுவடிகளின் வடிவத்தையே திபெத்தியர் தாளிலும் தொடர்ந்தனர்.

சிறிது நேரத்தில் சிறுவர் பிக்குகள் பெரிய கெண்டிகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வேகமாக வந்து தேநீர் ஊற்றுவர். வெண்ணெயும் உப்பும் சேர்ந்த அந்தத் தேநீரை, தேநீர் என்று எண்ணாமல் ரசம் என்று எண்ணிக் குடித்தால் பிடித்துப்போகும். கிண்ணம் சற்றுக் குறைந்தாலும் உடனே நிரப்பிவிடுவார்கள். ஆகவே போதுமென்றால் நிரம்பிய கிண்ணத்தை அப்படியே விட்டுவைத்து, எழுவதற்கு முன் குடித்து முடியுங்கள். வறுத்த பார்லி மாவு தந்தால், அதைத் தேநீரில் கொட்டி விரலால் பிசைந்து உருண்டையாக்கி உண்ண வேண்டும்.

மூத்த லாமாவைச் சந்திக்க நேர்ந்தால், வெண்ணிறப் பட்டுத் துண்டை இரு கைகளிலும் ஏந்திக் குனிந்து அளியுங்கள். பெரும்பாலும் அதை அவர் உங்கள் கழுத்திலேயே திரும்ப அணிவிப்பார். காணிக்கையை உண்டியலில் போட்டால் போதும்.

படி 7: திரும்புதல்

உடல் நன்கு பழகியிருந்தால் திரும்பும்போது குன்சும் கணவாய் வழியாக மணாலிக்கு இறங்கலாம்; அந்தக் கணவாய் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். கணவாய்க்கு முன் உள்ள லோசர் கிராமத்துக்கு அப்பால் சாலை கரடுமுரடானது, பிற்பகலில் பனியுருகிய ஓடைகள் பெருகிச் சாலையை மறிக்கும் என்பதால் காஸாவிலிருந்து விடியலிலேயே புறப்பட வேண்டும். சாலை அடைபட்டால் சிம்லா வழியாகவே திரும்ப நேரிடும். ஆகவே தில்லியிலிருந்து ஊர் திரும்பும் பயணச்சீட்டுக்கு முன் குறைந்தது இரண்டு நாள்களைக் காலியாக விட்டுவையுங்கள். அவை தேவைப்படாவிட்டால் கீயில் கூடுதலாகத் தங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி முன்கூட்டியே செலவிட்டுவிடாதீர்கள்.