ஷின்ஜுக்குவில் ஒரு நாள்: கலப்பு மெட்டலும் ஜப்பானிய மதிய உணவும்

டோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் கனத்த ராக் இசையான மெட்டலுக்கான இசைத்தட்டுக் கடை, நல்ல மதிய உணவு, மாலையில் ஒரு சிறிய அரங்கில் கச்சேரி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் நடந்தே முடித்துவிடலாம். ஆனால் பல பண்பாடுகள் கலந்த மெட்டல் இசையை ரசிக்க, ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே காதைச் சற்றுப் பழக்கிக்கொள்வது நல்லது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிளாக் சபாத் குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்தே மெட்டலின் கதையைத் தொடங்குவது வழக்கம். அங்கே பிறந்த ஓர் இசை எந்த நாட்டு மெட்டோடும் எளிதில் ஒட்டிக்கொள்வதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. மெட்டல் கிதாரின் அடிப்படையான பவர் கார்டில் ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டுமே இருக்கின்றன. மேற்கத்திய இசையின் இரு சாயல்களில் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் மூன்றாம் சுரம் அதில் இல்லை. கிதார் ஒலியைக் கரகரக்கச் செய்யும் டிஸ்டார்ஷனைக் கூட்டும்போது மூன்றாம் சுரம் கலங்கி ஒலிப்பதால் கிதார் கலைஞர்கள் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தம்புராவில் நாம் கேட்கும் சட்ஜமும் பஞ்சமமும் இதே இரண்டு சுரங்கள்தாம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அடித்தளத்தின் மேல் மங்கோலிய மெட்டோ ஜப்பானிய மெட்டோ முரண்படாமல் வந்து அமர்வது ஏன் என்று விளங்கிவிடும்.

கேட்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளூர்க் கருவியையோ மொழியையோ எடுத்துவிட்டால் பாட்டு அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் அந்தக் கருவி வெறும் ஒப்பனை. தொடக்கத்தில் அரை நிமிடம் புல்லாங்குழலை ஒலிக்கவிட்டு, பிறகு அதை மறந்துவிட்டு திரும்பத் திரும்ப வரும் வழக்கமான கிதார் ரிஃபுக்குப் போய்விடும் பாட்டுகள் ஏராளம். அவற்றைத் தாண்டிச் செல்லத் தயங்காதீர்கள். மங்கோலியாவின் தி ஹு குழு 2019இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பில், குதிரைத்தலை கொண்ட மொரின் கூர் என்னும் இரண்டு தந்தி வாத்தியமும் தொண்டைப் பாட்டுமே பாட்டின் முதுகெலும்பாக இருக்கின்றன. நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி குழு 1864ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படைக்கும் மாவோரி மக்களுக்கும் நடந்த கேட் பா போரை மாவோரி மொழியிலேயே பாடுகிறது. அம்மொழியின் குறுகிய அசைகள் டிரம் அடியோடு பூட்டிக்கொள்வதால், மொழி தெரியாதவர்க்கும் அதன் வேகம் புரியும். பிரேசிலின் செபுல்துரா 1996இல் ஷவாந்தே பழங்குடி மக்களோடு அவர்களுடைய கிராமத்திலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்தது. டெல்லியின் பிளடிவுட் டோல் என்னும் மேளத்தையும் புல்லாங்குழலையும் முன்னிறுத்தி 2022இல் ஜப்பானின் ஃபுஜி ராக் விழா மேடை வரை சென்றது. இவற்றோடு, சம்ஸ்கிருதச் சொற்களை உறுமல் குரலில் பாடி, தன் இசையை வேத மெட்டல் என்று அழைத்துக்கொள்ளும் சிங்கப்பூரின் ருத்ரா குழுவையும் சேர்த்துக்கொண்டால் நல்ல தொடக்கமாக இருக்கும்.

ஜப்பானைப் பொறுத்தவரை, 1981இல் ஒசாகாவில் தோன்றிய லவுட்னெஸ் குழுவில் தொடங்கலாம். அது முழுக்க மேற்கத்திய வார்ப்பு. அங்கிருந்து, ஜப்பானிய நாட்டுப்புறப் பேய்க்கதைகளைப் பாடும் ஒன்மியோசாவுக்கும், பிறகு ஜப்பானிய மரபு வாத்தியங்களை ராக் இசையோடு சேர்த்த வாகக்கி பேண்டுக்கும் வாருங்கள். வாகக்கி பேண்டைத் தூய மெட்டல் என்று சொல்ல முடியாது என்பார் உண்டு, அது உண்மையும்கூட. ஆயினும் ஷமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தைக் கேட்டுப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஷமிசென்னின் மிகக் கனத்த தந்தியை மீட்டும்போது எழும் ரீங்காரத்தைத் தனியாகக் கவனியுங்கள். அது பழுதன்று, வேண்டுமென்றே அமைத்த ஒலி; தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையில் ஜீவா நூலை நகர்த்தி நாம் வரவழைப்பதும் அதைப் போன்றதே. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிதாருக்குப் பக்கத்தில் அது அந்நியமாக ஒலிக்காததற்குக் காரணம் இந்தக் கரகரப்புதான். இளம்பெண்கள் பாடி ஆடும் பேபிமெட்டல் குழு உண்மையான மெட்டலா என்ற சண்டையில் இறங்காமல், பின்னணிக் குழுவின் கிதார் வேலையை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி உணவு. வார நாள்களில் பல உணவகங்கள் பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை மலிவான மதிய உணவுத் தொகுப்புகளைத் தருகின்றன. மாலையில் பல மடங்கு கேட்கும் கடையில்கூட அப்போது சுமார் 1,000 யென்னுக்கு நிறைவாகச் சாப்பிட முடியும். 12 மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும் என்பதால் 11 மணிக்கோ 1 மணிக்குப் பிறகோ செல்வது உத்தமம். வாசலில் சீட்டு இயந்திரம் இருந்தால், முதலில் பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்திச் சீட்டை எடுத்து, அதை உள்ளே கொடுக்க வேண்டும். டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை.

இந்த நாளுக்குப் பொருத்தமானது பொரித்த பன்றிக்கறியோடு சோறும் சூப்பும் சேர்ந்த டோன்கட்சு தெய்ஷோக்கு என்னும் தொகுப்பு உணவு என்பேன், ஏனெனில் அதுவும் கலப்பில் பிறந்ததே. கின்சாவில் 1895இல் தொடங்கிய ரெங்காதெய் என்னும் உணவகம்தான் மேற்கத்தியக் கட்லெட்டை எண்ணெயில் மூழ்கப் பொரித்த பன்றிக்கறியாக மாற்றியது என்று சொல்லப்படுகிறது. தட்டு வந்ததும் இடக்கைப் பக்கம் சோறும் வலக்கைப் பக்கம் சோயா விழுதில் செய்த மிசோ சூப்பும் இருக்கும். உள்வரிகள் கொண்ட சிறு மண் கிண்ணத்தில் வறுத்த எள்ளும் ஒரு மர உலக்கையும் பல கடைகளில் தருவார்கள். எள்ளை வாசம் கிளம்பும் வரை அரைத்து, அதன் மேலேயே சாஸை ஊற்றிக் கலந்து, கறித்துண்டின் ஓரத்தை மட்டும் அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். சாஸை மேலே கொட்டினால் மொறுமொறுப்பு இரண்டே நிமிடத்தில் போய்விடும். கறி, முட்டைக்கோஸ், சோறு, சூப் என்று சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக உண்பதே அங்குள்ள முறை. ஒன்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசியில் வெறும் சோறுதான் மிஞ்சும். சோறும் முட்டைக்கோஸும் பல கடைகளில் மறுமுறை இலவசம். உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்க்குப் படைக்கும் முறை.

சோற்றோடு மசாலாக் குழம்பு சேர்ந்த கறி சாதம்தான் வேண்டும் என்றால் ஷின்ஜுக்குவின் நாகமுரயாவுக்குச் செல்லலாம். 1915இல் பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி ஜப்பானுக்கு வந்த இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸை ஒளித்துக் காத்த குடும்பத்தின் கடை அது. அவர் வழியாக 1927இல் அங்கே அறிமுகமான கோழிக்கறிக் குழம்பு இன்றும் பரிமாறப்படுகிறது. சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்: காய்கறி உணவு போலத் தெரிவதிலும் மிசோ சூப்பிலும் சோபா நூடுல்ஸின் தொடுசாற்றிலும் பெரும்பாலும் உலர்ந்த மீனின் சாறு இருக்கும். மீனும் கறியும் சேராத, புத்த மடங்களின் ஷோஜின் உணவைத் தரும் இடங்களை முன்கூட்டியே தேடி வைப்பது பாதுகாப்பு.

சாப்பிட்ட பிறகு, டிஸ்க் யூனியன் நிறுவனம் மெட்டலுக்கென்றே ஷின்ஜுக்குவில் நடத்தும் கடையில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். பழைய சிடிகளின் உறையைச் சுற்றி ஓபி எனப்படும் காகிதப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பிரதி மலிவு. ஜப்பானில் உள்நாட்டுப் பதிப்புகளின் விலை நிலையானது என்பதால், மலிவான இறக்குமதிகளோடு போட்டியிட அவற்றில் ஓரிரு கூடுதல் பாட்டுகளைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. அந்தப் பாட்டுகளுக்காகவே உலகெங்கிலுமிருந்து ஆள் வருகிறார்கள்.

மாலைக் கச்சேரிகள் பெரும்பாலும் 6 மணியை ஒட்டித் தொடங்கும். நுழைவுச் சீட்டில் உள்ள எண் வரிசைப்படி அழைப்பார்கள், ஆகவே கதவு திறக்கும் நேரத்துக்கே அங்கு இருங்கள். நுழையும்போது சீட்டு விலைக்கு மேல் ஒரு பானத்துக்கான கட்டணமும், சாதாரணமாக 600 யென் அளவில், கட்ட வேண்டும். வாங்கிய இசைத்தட்டுகளை நாணய லாக்கரில் வைத்துவிட்டு, காதடைப்பானை முதல் பாட்டுக்கு முன்பே அணிந்துகொள்ளுங்கள். கூரை தாழ்ந்த அடித்தள அரங்குகளில் ஓசை தப்ப வழியில்லாமல் சுழலும். முன்வரிசைத் தள்ளுமுள்ளில் இறங்கும் எண்ணம் இருந்தால், மதியம் டோன்கட்சுவை விட்டுவிட்டு குளிர்ந்த சோபாவோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது. சிறிய குழுக்கள் கச்சேரி முடிந்ததும் தாங்களே விற்பனை மேசைக்கு வந்து நிற்பதுண்டு. அங்கே அட்டை செல்லாமல் போகலாம் என்பதால், சட்டைப் பையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.