"இதோ வந்துடும்" என்று சொல்லாதீர்கள்

சென்னையிலிருந்து திருநெல்வேலி 620 கிலோமீட்டர் சொச்சம். குழந்தைகளோடு நிறுத்தி நிறுத்திப் போனால் பதினோரு மணி நேரம் ஆகிவிடும். எங்கள் வீட்டில் ஏழு வயதில் ஒருவன், நான்கு வயதில் ஒருத்தி. அவர்களைச் சத்தமில்லாமல் உட்கார வைக்க நாங்கள் செய்யாத கோமாளித்தனம் இல்லை. பெரும்பாலும் அதுவே வினையாக முடிந்தது.

முதல் தவறு, கிளம்பியதுமே போனைக் கையில் கொடுப்பது. ஒருமுறை பரனூர் டோல்கேட் வருவதற்குள் சின்னவளுக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டோம். பின் சீட்டில் அப்படியொரு அமைதி. அப்பாடா என்று பாட்டைக்கூடச் சத்தமாக வைத்தேன். மேல்மருவத்தூர் பக்கம் இரண்டு கொட்டாவி விட்டாள், உதடு வெளுத்தது, அவ்வளவுதான். காலையில் சாப்பிட்ட பூரியும் பாலும் பாட்டியின் புதுப்புடவையில்.

கண் போன் திரையிலேயே நிற்கிறது, உள்காதோ உடம்பு குலுங்குவதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது அதிகம். ஆக, நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த அமைதியே வாந்திக்கு முன்னறிவிப்பு! இப்போதெல்லாம் காதால் கேட்கும் கதைதான், அதுவும் சலிப்பு தட்டிய பிறகுதான். காலையில் இரண்டு இட்லி போதும். பூரி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

"ஒரு மூடி சளி மருந்து குடு, ஊர் வர்ற வரைக்கும் தூங்கும்" என்று சொல்லும் சொந்தக்காரர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. வாந்திக்குத் தரும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழ் கூடவே கூடாது, மூச்சையே பாதிக்கும். மருந்து தேவை என்றால் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

அழுகிற பிள்ளையை பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதை நம்மில் பலர் தவறாகவே நினைப்பதில்லை. முன் சீட்டில் மடியில் வைப்பது இன்னும் மோசம், ஏர்பேக் விரியும் வேகத்தில் குழந்தையைத்தான் முதலில் அறையும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதினால் எந்த அம்மாவின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பதினான்கு வயதுக்குட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். அழுகிறதா, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித்தான் ஆக வேண்டும். "ஒரே மூச்சில் திருச்சி" என்பதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய வீரம். டோல்கேட் வரிசையில் நிற்பது நிறுத்தம் ஆகாது, இறக்கிவிட்டு ஓட விடுங்கள். தூங்குகிறதே என்று பிள்ளையை மட்டும் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஏசி நின்ற வண்டி வெயிலில் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

அப்புறம் தீனி. மொத்தப் பையையும் செங்கல்பட்டிலேயே திறந்தால் விழுப்புரத்துக்கு மேல் லஞ்சம் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடிக்கிற மிட்டாய் எதையும் ஓடும் வண்டியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தர வேண்டாம், தொண்டையில் சிக்கினால் வண்டியை ஓரங்கட்டவே நேரம் இருக்காது.

கடைசியாக, "எப்போப்பா வரும்?" இதற்கு "இதோ வந்துடும்" என்று திண்டிவனத்தில் சொன்னால், பிறகு நாள் முழுக்க நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது. குழந்தைக்கு ஆறு மணி நேரமும் தெரியாது, முந்நூறு கிலோமீட்டரும் தெரியாது. நான் இப்போது அடையாளம் சொல்கிறேன்: திருச்சியில் அடுத்தடுத்து இரண்டு ஆறு, அப்புறம் மதுரை, அப்புறம் கயத்தாறு காற்றாடி, அதைப் பார்த்தால் ஆச்சி வீடு பக்கம். பெரியவன் நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வருவான்.

போன மே மாதம் கொள்ளிடம் பாலத்தில் அவன் டிக் போட்டதும் சின்னவள் எட்டிப் பார்த்தாள். கீழே மணல்தான். "தண்ணியே இல்ல, இது ஆறு இல்ல, அழி" என்றாள். அவன் அழிக்க மாட்டேன் என்றான். அந்தச் சண்டை விராலிமலை வரை ஓடியது.